விண்டோஸா லினக்ஸா மேக்கா? மொதல்ல ஒரு பேப்பர் எடுங்க

அக்டோபர் 14, 2025-ல விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் நிறுத்திட்டாங்க. அன்னிலருந்து எனக்கு வர்ற ஃபோன்ல பாதி இதே கதைதான், "தம்பி, லேப்டாப்பத் தொறந்தா என்னமோ நோட்டீஸ் மாதிரி வருது, இனிமே ஓடாதாம்ல, புதுசு வாங்கணுமா?" ஓடாமலாம் போகாது, நேத்து ஓடுன மாதிரியே நாளைக்கும் ஓடும், ஆனா புதுசா ஏதாச்சும் ஓட்டை கண்டுபுடிச்சா அத அடைக்கிற அப்டேட் வராது, அவ்ளோதான். நெட் பேங்கிங் பண்ற மெஷின்ல அது சின்ன விஷயம் இல்ல.

ஆனா அவசரப்பட்டு கடைக்கு ஓடாதீங்க. செட்டிங்ஸ்ல அப்டேட் பக்கத்துக்குப் போனா கூடுதல் செக்யூரிட்டி அப்டேட்டுக்கு என்ரோல் பண்ணச் சொல்லி ஒரு லிங்க் இருக்கும், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாகின் பண்ணி செட்டிங்ஸ பேக்கப் பண்ணிட்டா காசு இல்லாமயே அக்டோபர் 13, 2026 வரைக்கும் கெடைக்கும். அக்கவுன்ட்ல பேக்கப் எல்லாம் வேணாம்னா 30 டாலர் கட்டணும். இது ஒரு தவணை மாதிரிதான், அந்த டைமுக்குள்ள எதுக்கு மாறப் போறோம்னு நிதானமா பாத்துக்கலாம்.

சரி, எதுக்கு மாறறது? விண்டோஸ் 11 இருக்கு, ஆப்பிளோட மேக் இருக்கு, விண்டோஸுக்குப் பதிலா அதே லேப்டாப்புல போடற லினக்ஸ் இருக்கு. "எதுண்ணே பெஸ்ட்டு?"ன்னு கேட்டா நான் பதில் சொல்றதில்ல. அதக் கேட்டா லினக்ஸ் ஆளுங்க லினக்ஸ்ம்பாங்க, மேக் வெச்சிருக்கவங்க மேக்ம்பாங்க, அது அவங்க வேலைக்கு சரி. உங்க வேலை எது இல்லாம நின்னு போகும்னு தெரிஞ்சா போதும், மிச்சம் தானா முடிவாயிரும்.

அதுக்கு ஒரு பேப்பர் எடுங்க. நெஜமாவே பேப்பர், ஃபோன்ல நோட்ஸ் வேணாம், லேப்டாப் பக்கத்துலயே கெடக்கட்டும். ஒரு வாரத்துக்கு அதுல என்னென்ன பண்றீங்களோ எழுதிட்டே வாங்க. யூடியூப், மெயில், ரயில் டிக்கெட், பையன் ப்ராஜெக்ட் பிரின்ட் அவுட், எல்லாத்தையும். அப்புறம் முக்கியமா, வருஷத்துல ஒரு தடவை ரெண்டு தடவை மட்டும் பண்றதையும் யோசிச்சு சேருங்க, எல்லாரும் கோட்டை விடுறது இங்கதான். வாரம் முடிஞ்சதும் பேனாவ எடுத்து, பிரவுசர்ல நடக்குற வேலைய எல்லாம் அடிச்சிருங்க. அது எந்த சிஸ்டத்துலயும் ஓடும். அடிக்காம மிச்சம் நிக்கிறது மூணோ நாலோதான் இருக்கும், முடிவு அதுக்குள்ளதான் இருக்கு.

எங்க சித்தப்பா சின்னதா அக்கவுன்ட்ஸ் பாக்குறாரு, பத்து பன்னெண்டு கடைக்கு ஜிஎஸ்டி ஃபைல் பண்ணித் தருவாரு. அவரு பேப்பர்ல பதினோரு வரி இருந்துச்சு, ஒம்போது பிரவுசர். மிச்சம் ரெண்டு, டாலிங்கற கணக்கு சாஃப்ட்வேரும் டிஜிட்டல் கையெழுத்து போடுற அந்த யுஎஸ்பி டோக்கனும். டாலி விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும். டோக்கனுக்கு வர்ற டிரைவர், சைன் பண்ற சாஃப்ட்வேர் எல்லாம் விண்டோஸ மனசுல வெச்சு செஞ்சது, மத்ததுல அத ஓட வெக்கிறேன்னு உக்காந்தா ரிட்டர்ன் கடைசி தேதி அன்னிக்கு ராத்திரி பத்து மணிக்கு எனக்குத்தான் ஃபோன் வரும். "சித்தப்பா, உங்களுக்கு விண்டோஸ் 11, வேற பேச்சே இல்ல"ன்னுட்டேன். அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது. மூணு மாசமா யூடியூப்ல கம்பாரிசன் வீடியோ பாத்துட்டு இருந்திருக்காரு மனுஷன்.

அதே மாதிரி சிலது பேப்பர்ல இருந்தாலே மேல யோசிக்க வேண்டியதில்ல. பத்திரிகை அடிக்கிற டிடிபி கடைன்னா பேஜ்மேக்கர், கோரல்டிரா, பழைய தமிழ் ஃபான்ட்டுன்னு ஒரு தனி உலகம், பேஜ்மேக்கர் கடைசி வெர்ஷனே 2001-ல வந்தது, இன்னும் அதுலதான் கல்யாணப் பத்திரிகை ஓடுது, அவங்க விண்டோஸ விட்டு நகர முடியாது. மெக்கானிக்கல் படிக்கிற பசங்க சாலிட்வொர்க்ஸ்னு எழுதியிருந்தா விண்டோஸ். ஃபோட்டோஷாப் இல்லாம முடியாதுன்னா விண்டோஸ் இல்லன்னா மேக், லினக்ஸ்ல அது கெடையாது. ஐஃபோன் ஆப் எழுதணும்னா எக்ஸ்கோட் வேணும், அது மேக்ல மட்டும். வேலோரன்ட் ஆடுற தம்பிகளுக்கு விண்டோஸ்தான், அந்த கேமோட ஆன்ட்டி சீட் (ஏமாத்தி ஆடுறவங்கள புடிக்கிற சாஃப்ட்வேர்) லினக்ஸ்ல ஓடாது, மத்த ஸ்டீம் கேம்ல நெறைய லினக்ஸ்லயே நல்லா ஓடுது இப்ப. காலேஜ் பசங்க ஒன்னு கவனிங்க, ஆன்லைன் எக்ஸாம்ல வேற விண்டோ தொறக்க விடாம பூட்டுற சாஃப்ட்வேர் இருக்குல்ல, அதுல பலதுக்கு லினக்ஸ் வெர்ஷன் கெடையாது. பிளேஸ்மென்ட் சீசன்ல லினக்ஸ் மட்டும் வெச்சிருக்காதீங்க.

இதுல எதுவுமே உங்க பேப்பர்ல இல்லையா, பிரவுசரும் கொஞ்சம் வேர்டு எக்ஸெலும்தானா, அப்ப உங்களுக்கு உண்மையிலேயே சாய்ஸ் இருக்கு, மேல படிங்க.

அடுத்து மெஷினப் பாக்கணும். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம் போதும்னு எழுதியிருக்கும், அத நம்பாதீங்க, 8 இல்லாம தொடாதீங்க. நெஜ தடை ரெண்டு, பிராசஸரும் டிபிஎம் 2.0-வும் (ரகசிய சாவிகளப் பாதுகாக்குற சிப்). இன்டெல்னா எட்டாவது ஜெனரேஷன்லருந்துதான். மாடல் நம்பர்லயே தெரியும், ஐ5-8250யூன்னா கோட்டுக்கு அப்புறம் 8, அது எட்டாவது, ஓகே. ஐ5-7200யூன்னா ஏழு, வாசல்லயே நிறுத்திரும். ஐ5-1135ஜி7 மாதிரி இருந்தா அது பதினொன்னு, ஒன்னுன்னு படிச்சிட்டு பயந்துராதீங்க, ஒருத்தர் அப்டிதான் நல்ல லேப்டாப்ப விக்கப் போனாரு. ஏஎம்டின்னா ரைசன் 2000 சீரிஸ்லருந்து பொதுவா ஓகே. டிபிஎம் இருக்கான்னு பாக்க விண்டோஸ் கீயோட ஆர் அமுக்கி, வர்ற பெட்டியில டிபிஎம், ஒரு புள்ளி, எம்எஸ்சி, இத இங்கிலீஷ்ல (tpm.msc) அடிச்சு என்டர் தட்டுங்க, இருக்கா இல்லையா எந்த வெர்ஷன்னு சொல்லிரும். இல்லன்னு வந்தாலும் பயாஸுக்குள்ள (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே ஓடுற மெஷினோட செட்டிங்ஸ்) போய் ஒரு தடவை பாருங்க, இன்டெல்ல பிடிடி, ஏஎம்டில எஃப்டிபிஎம்னு ஒரு ஆப்ஷன் ஆஃப்ல இருக்கும், ஆன் பண்ணா வந்துரும். ரூஃபஸ்னு ஒரு சின்ன சாஃப்ட்வேர் இருக்கு, அத வெச்சு இந்த செக் எல்லாத்தையும் தாண்டியும் விண்டோஸ் 11 போடலாம், ஆனா அப்டி போட்டதுக்கு அப்டேட் வரும்னு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தர்றதில்ல. என் சொந்த மெஷின்னா போடுவேன், அடுத்தவங்க மெஷின்ல போட மாட்டேன்.

நடுவுல ஒன்னு, லேப்டாப் ஸ்லோன்னு சிஸ்டம் மாத்த வர்றவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் பிரச்சனையே இல்ல. உள்ள சுத்துற பழைய ஹார்ட் டிஸ்க்தான் வில்லன். அதக் கழட்டிட்டு ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி (உள்ள எதுவும் சுத்தாத வேகமான டிஸ்க்) போட்டா எந்த சிஸ்டமா இருந்தாலும் பறக்கும். மொதல்ல அதப் பண்ணுங்க, அப்புறம் விண்டோஸத் திட்டலாம்.

இப்ப தமிழ் டைப்பிங். எந்த கம்பாரிசன்லயும் இத சொல்ல மாட்டேங்குறாங்க, ஆனா வீட்ல தமிழ்ல டைப் பண்ற ஒரு ஆள் இருந்தா அங்கதான் எல்லாம் மாட்டும். எங்கப்பா கவர்மென்ட் ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டா சேந்தவரு, விரல் எல்லாம் பழைய தமிழ் டைப்ரைட்டர்ல பழகுனது. தமிழ்99-ங்கற கீபோர்டு முறைய சொல்லித் தர்றேன்னு ரெண்டு வாரம் போராடுனேன், "எனக்கு 'க' எங்க இருக்குன்னு கை சொல்லணும்டா, கண்ணு சொல்லக் கூடாது"ன்னுட்டாரு. நியாயமான பேச்சு. அவரு மெஷினுக்கு லினக்ஸ்ல ஒரு வகையான லினக்ஸ் மின்ட் போட்டப்ப இதுதான் எனக்கு பயம். ஆனா ஐபஸ், ஐபஸ்-எம்17என்னு தமிழ் கீபோர்டுக்கான ரெண்டு பேக்கேஜ சாஃப்ட்வேர் மேனேஜர்ல இருந்து போட்டு, இன்புட் மெத்தட்ல ஐபஸ செலக்ட் பண்ணி, லாக் அவுட் பண்ணி உள்ள வந்து தமிழ் சேக்கப் போனா தமிழ்99, ஃபொனட்டிக், இன்ஸ்கிரிப்ட், கூடவே டைப்ரைட்டர்னு வரிசையா நிக்குது. அப்பா உக்காந்து கீபோர்டப் பாக்காமயே 'பெறுநர்'னு அடிச்சாரு. அதுக்கு மேல அவருக்கு இது லினக்ஸா வேற எதுவான்னு கவலையே இல்ல.

விண்டோஸ் 10, 11-ல தமிழ்99, அஞ்சல் ரெண்டும் உள்ளயே இருக்கு, செட்டிங்ஸ்ல தமிழ் மொழிய சேத்துட்டு கீபோர்ட தேர்ந்தெடுத்தா போதும், பல பேருக்கு இது தெரியாம இன்னும் பழைய சாஃப்ட்வேர தேடிட்டு இருக்காங்க. மேக்லயும் இதே ரெண்டும் ரொம்ப வருஷமா இருக்கு, இணைமதின்னு அழகான ஃபான்ட்டும் கூடவே வருது. என்எச்எம் ரைட்டர், அழகி இதுல பழகுனவங்களுக்கு அது விண்டோஸ்ல ஓடுறது, லினக்ஸ் போனா பழக்கத்த மாத்தணும். பாமினி, வானவில் மாதிரி யூனிகோட் (எல்லா மெஷினுக்கும் பொதுவான எழுத்து முறை) இல்லாத ஃபான்ட்ல பத்து வருஷ ஃபைல் வெச்சிருந்தா, ஃபான்ட் ஃபைல காப்பி பண்ணிக் கொண்டுபோனா லினக்ஸ்ல எம்எஸ் ஆபிஸுக்குப் பதிலா இருக்குற லிப்ரேஆபிஸ்லயும் படிக்கலாம், ஆனா அதுலயே தொடர்ந்து டைப் பண்ணணும்னா தலைவலி. யூனிகோடுக்கு மாத்திக்க இதுதான் சாக்கு.

பேப்பர்ல தடை எதுவும் இல்ல, மெஷின் ஏழாவது ஜெனரேஷன் இல்ல அதுக்கும் பழசு, இந்த ரெண்டும் சேந்தா நான் லினக்ஸ் மின்ட்தான் சொல்வேன். உபுன்டு, ஜோரின், ஃபெடோரான்னு நூறு இருக்கு (ஜோரின்காரங்க குசும்பு பாருங்க, விண்டோஸ் 10 நின்ன அதே நாள்ல அவங்க 18-ஆவது வெர்ஷன விட்டாங்க), ஆனா விண்டோஸ்ல இருந்து வர்றவங்களுக்கு மின்ட்ல ஸ்டார்ட் மெனு அதே மூலைல இருக்கு, அதுவே பாதி சண்டைய கொறைக்கும். மின்ட் 22 சீரிஸுக்கு 2029 வரைக்கும் அப்டேட் வரும். மின்ட்லயே 4 ஜிபி ரேம்னா லேசான எக்ஸ்எஃப்சிஇ எடிஷன், 8-ன்னா சினமன்.

போடறதுக்கு முன்னாடி ஓட்டிப் பாக்கலாம்ங்கறதுதான் லினக்ஸோட பெரிய சௌகரியம், இத யூஸ் பண்ணாம நேரா இன்ஸ்டால் பண்றவங்கள என்னன்னு சொல்றது. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்னு, உள்ள இருக்குறது அழிஞ்சிரும் அதனால காலியா எடுங்க. மின்ட் சைட்ல இருந்து ஐஎஸ்ஓ ஃபைல் (மொத்த சிஸ்டமும் அடங்குன ஒரே ஃபைல்) எறக்கி ரூஃபஸ் வெச்சு பென் டிரைவ்ல எழுதுங்க. லேப்டாப்ப ஆஃப் பண்ணி ஆன் பண்றப்ப டெல், லெனோவோன்னா எஃப்12, எச்பின்னா எஃப்9, ஏசுஸ்னா எஸ்கேப், இத தட்டிட்டே இருங்க, எதுலருந்து பூட் ஆகணும்னு கேக்கும், பென் டிரைவ காமிங்க. டெஸ்க்டாப் வந்துரும், உங்க விண்டோஸ் உள்ள தொடப்படாம அப்டியே இருக்கும்.

இப்ப அந்தப் பேப்பர திரும்ப எடுங்க. வைஃபை கனெக்ட் ஆகுதா. யூடியூப்ல ஒரு பாட்டு போடுங்க, சவுண்டு வருதா. கேமரா, ப்ளூடூத் இயர்ஃபோன், வெளிச்சம் கூட்டுற கொறைக்கிற கீ. மூடிய மூடி ரெண்டு நிமிஷம் கழிச்சு தொறங்க, முழிக்குதா, இது ரொம்ப முக்கியம், சில லேப்டாப் தூங்குனா எந்திரிக்காது. பிரின்டர சொருகி ஒரு பக்கம் அடிங்க. நான் ஒரு வாட்டி இத விட்டுட்டேன், அத்தை வீட்ல எல்லாம் சூப்பரா ஓடுதுன்னு இன்ஸ்டால் பண்ணிட்டு கெளம்பி பஸ் ஏறிட்டேன், பஸ் ஸ்டாண்டு தாண்டல, "டேய், பிரின்ட் வரமாட்டேங்குது, பச்சை லைட் மட்டும் எரியுது"ன்னு ஃபோன். பழைய லேசர் பிரின்டர், கம்பெனி குடுத்த லினக்ஸ் டிரைவர் என்னிக்கோ செத்துப் போச்சு, ஒரு ஞாயித்துக்கெழமை முழுக்க அதோட மல்லுக்கட்டுனேன். எச்பி பிரின்டர்னா பெரும்பாலும் சொருகுனதும் வந்துரும், மத்ததுக்கு கையோட டெஸ்ட் பண்ணிருங்க. வைஃபை வரலன்னா உடனே மூடி வெச்சிராதீங்க, ப்ராட்காம் சிப்பா இருக்கும், ஃபோன யுஎஸ்பில சொருகி டெதரிங் போட்டு நெட்டக் குடுத்துட்டு டிரைவர் மேனேஜரத் தொறந்தா அதுவே எது வேணும்னு காட்டும்.

எம்எஸ் ஆபிஸ் லினக்ஸ்ல இன்ஸ்டால் ஆகாது, லிப்ரேஆபிஸ்தான். லெட்டர், சின்ன கணக்குன்னா பிரச்சனை இல்ல, ஆனா ஆபீஸ்ல இருந்து வர்ற டிசைன் போட்ட வேர்டு ஃபைல், மேக்ரோ போட்ட எக்ஸெல் எல்லாம் லேசா கோணிக்கும். பிரவுசர்ல ஓடுற வேர்டு இருக்கு, கூகுள் டாக்ஸ் இருக்கு, ஜோஹோ ரைட்டர் இருக்கு, அதுல சமாளிக்கலாம். உங்க நெஜ ஃபைல் ஒன்ன அந்த பென் டிரைவ் டெஸ்ட்லயே தொறந்து பாருங்க.

ஒரே மெஷின்ல விண்டோஸ், லினக்ஸ் ரெண்டும் வேணும்னு டூயல் பூட் போடறவங்களுக்கு மூணு விஷயம். மொதல்ல பிட்லாக்கர், டிஸ்க்கப் பூட்டி வெக்கிற விண்டோஸ் வசதி. புது விண்டோஸ் லேப்டாப் பலதுல டிஸ்க் தானாவே பூட்டியிருக்கும், ரெக்கவரி கீ உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இருக்கும், அந்த 48 இலக்க நம்பர எழுதி வெச்சிக்காம பயாஸ்ல கை வெக்காதீங்க, அப்புறம் உங்க ஃபோட்டோ எல்லாம் உங்களுக்கே தெரியாது. ரெண்டாவது, விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்ப ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா ஷட் டவுன் பண்ணாலும் அது அரைத் தூக்கத்துலதான் இருக்கும், லினக்ஸ்ல இருந்து அந்த டிரைவ்ல எழுத முடியாது. மூணாவது கடிகாரம். விண்டோஸ் மெஷின் கடிகாரத்துல நம்ம ஊர் நேரத்த வெக்கும், லினக்ஸ் உலகப் பொது நேரத்த வெக்கும், அதனால லினக்ஸ்ல இருந்துட்டு விண்டோஸுக்கு வந்தா கரெக்டா அஞ்சரை மணி நேரம் பின்னாடி காட்டும். காலைல பத்து மணி மீட்டிங், லேப்டாப்புல நாலரைன்னு காட்டுது, நான் பாட்டுக்கு ஜன்னல மூடிட்டு திரும்பப் படுத்துட்டேன், தூக்கக் கலக்கத்துல வெயிலக்கூட கவனிக்கல. வைரஸ் இல்ல பேட்டரியும் சாகல, லினக்ஸ்ல ஊர் நேரத்தையே வெக்கச் சொல்ற ஒரு வரி கமாண்ட் இருக்கு, தேடுனா கெடைக்கும்.

மேக்க பத்தி சுருக்கமா. காசு இருந்தா, பேப்பர்ல விண்டோஸ் சாமான் எதுவும் இல்லன்னா, எம்1-லருந்து (ஆப்பிள் சொந்தமா செஞ்ச சிப்) வந்த மேக்புக் ஏர் எதுவானாலும் நிம்மதி, ஃபேன் கெடையாது, சூடு இல்ல, பேட்டரி ஒரு நாள் தாங்கும். பழைய மார்க்கெட்ல சீப்பா கெடைக்குதுன்னு இன்டெல் மேக் மட்டும் வாங்கிராதீங்க, மேக் ஓஎஸ் 26-தான் அதுக்கு கடைசி வெர்ஷன்னு ஆப்பிளே சொல்லிட்டாங்க. ரேமும் எஸ்எஸ்டியும் போர்டோட ஒட்டுனது, வாங்கும்போது எவ்ளோவோ கடைசி வரைக்கும் அவ்ளோதான். அப்புறம் உங்க கல்யாண வீடியோ இருக்குற எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் என்டிஎஃப்எஸ்ல (விண்டோஸோட ஃபார்மேட்) இருந்தா மேக் படிக்கும், எழுத விடாது.

பாட்டிக்கு, சின்னப் பசங்களுக்கு, வெறும் பிரவுசர் மட்டும்தான்னா குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ் பழைய லேப்டாப்புல போடலாம், 4 ஜிபி போதும், ஆனா ஃபோன் ஆப் எல்லாம் அதுல வராது.

இவ்ளோ பாத்தும் ரெண்டு சிஸ்டம் சமமா நின்னா நான் கேக்குற கடைசிக் கேள்வி, கெட்டுப் போனா யாரக் கூப்பிடுவீங்க? உங்க தெருவுல இருக்குற சர்வீஸ் பையனுக்கு விண்டோஸ் மட்டும்தான் தெரியும்னா, லினக்ஸ் போட்ட மெஷினக் கொண்டுபோனா அவன் மொத வேலையா ஃபார்மேட் அடிச்சு விண்டோஸ் போட்டுத் தருவான், டேட்டாவோட சேத்து. 2011-ல கவர்மென்ட் ஸ்கூல் பசங்களுக்குக் குடுத்த லேப்டாப்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் சேந்தேதான் வந்துச்சு, மத்திய அரசோட கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்ல, சென்னைல செஞ்ச நம்ம ஊர் சரக்கு. எங்க தெருவுல அத தொறந்து பாத்த பையன நான் பாக்கல, சொல்லிக் குடுக்க ஆளில்ல. பக்கத்து கேரளால ஸ்கூல் பாடமே லினக்ஸ்ல நடத்துறாங்க, டீச்சருக்கும் ட்ரெய்னிங், அங்க ஓடுது. கூப்பிட்டா வர்ற ஒரு மச்சானோ ஃப்ரெண்டோ லினக்ஸ் தெரிஞ்சவனா இருந்தா தைரியமா போங்க. இல்ல நீங்களே நோண்டுற ஆளா இருந்தாலும் போங்க, மின்ட்ல டைம்ஷிஃப்ட்னு ஒன்னு இருக்கு, போட்ட மொத நாளே அத ஆன் பண்ணிட்டா ஏதாச்சும் கெடுத்துக்கிட்டாலும் நேத்திக்கு இருந்த நெலமைக்கு சிஸ்டத்த இழுத்துட்டு வந்துரலாம். உங்க ஃபோட்டோ டாகுமென்ட்ட அது காப்பாத்தாது, அதுக்கு தனியா பேக்கப்.

மாத்துற அன்னிக்கு ஒரு ட்ரிக். எப்டியும் எஸ்எஸ்டி வாங்குறீங்கன்னா புது சிஸ்டத்த புது எஸ்எஸ்டில போடுங்க, பழைய டிஸ்க்க விண்டோஸோட அப்டியே கழட்டி பத்திரமா வெச்சிருங்க. ரெண்டு மாசம் ஓட்டிப் பாத்து புடிக்கலன்னா பின்பக்க மூடியத் தொறந்து திரும்ப மாட்டிக்கலாம், ஒன்னும் போகல. அத்தை வீட்டு டிஸ்க் இன்னும் என் மேஜை டிராயர்லதான் கெடக்கு, மேல மார்க்கர்ல தேதி எழுதி. அதுல இருக்குற பழைய விண்டோஸுக்காக அத்தை இதுவரைக்கும் கேக்கல, அதுல ஒரு ஃபோல்டர்ல இருக்குற 2014 டூர் ஃபோட்டோவுக்காக மூணு தடவை கேட்டாச்சு, இந்த ஞாயிறு காப்பி பண்ணிக் குடுக்கணும்.